பல் சொன்ன வயசு

காங்கேயம், கரூர் ரோட்டில்
பல் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே என் அறை.
தாடையை இங்கே வை, கடி, அசையாதே.
பன்னிரண்டு வருசமாக இதுதான் என் பேச்சு.

சென்னியப்பன் மாட்டுத் தரகர்.
மகள் வர்ணிகாவை மெஷினில் நிறுத்திவிட்டுக்
கதவுக்கு வெளியே நின்றார்.
அவள் தலையை ஒரு சுற்று சுற்றி வந்தது மெஷின்.
திரையில் விரிந்தது முழு வாய்:
வந்த பல், வரப்போகிற பல்,
எலும்புக்குள்ளே இன்னும் வேர் விடாமல்
மூடி மட்டும் ஆன ஒரு கடைவாய்ப்பல்.

"இதென்னுங் மேடம்,
மூத்தவனுக்குப் பன்னெண்டுல வந்த பல்லுங் இது.
இவளுக்கு ஆனி வந்தாத்தான் ஒம்பது."

அவர் தொழிலில் வாய்தான் சாட்சி.
பால்பல், ரெண்டு பல், நாலு, ஆறு, கடை சேர்ந்தது.
வளர்த்தவன் சொல்வதைக் காதில் வாங்காமல்
உதட்டைப் பிரித்துப் பார்ப்பார்.
"கொம்பச் சீவலாம், சுழிய மறைக்கலாம்.
பல்லு பொய் சொல்லாதுங்."

டாக்டரம்மாவிடம் கேட்டதில்
எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன்.
சர்க்கரை வந்த சில பிள்ளைகளுக்குப்
பல் முந்திக்கொள்ளுமுங்.
சோறு இறங்கியதும் சிறுகுடல் சுவரில்
ஒரு செல் விழித்துக்கொண்டு
ரத்தத்தில் ஒரு சேதி விடும்.
அது கணையத்துக்குப் போகும். எலும்புக்கும் போகும்.
எலும்பைக் கரைக்கிற வேலை
அந்நேரம் கொஞ்சம் கைகட்டி நிற்கும்.
கணையம் இன்சுலினை அனுப்பும்,
கட்டுகிற செல்லுக்கு அதுவும் ஒரு தாக்கீது.
தாடையும் எலும்புதானே.
பல்லுக்கு எனாமல் பூசுகிற செல்லும்
அதற்குக் காது கொடுக்கும் என்கிறார்கள்.
மீதி எனக்குத் தெரியாதுங்.
டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் தெரியாது.

அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார்.
தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டார்.

"அப்பறம் குடலுக்கும் எலும்புக்கும் நடுவால
தரகு நடக்குதுன்னு சொல்லுங்.
சந்தையே சுத்தி நின்னாலும்
ஒருத்தனுக்கும் தெரியாம,
துண்டுக்கடியில வெரலப் புடிச்சு."

ஆமாங் என்றேன்.
எந்தப் படிப்பிலும் எனக்குச் சொல்லித்தராத ஆமாம்.

"இவளுக்கு ஒரு தரகன் வரவே இல்லைங்.
அவனத்தான் வெலைக்கு வாங்கி
ஐஸ்பெட்டில வெச்சிருக்கறோம்,
தயிருக்கும் மல்லித்தழைக்கும் நடுவுல."

அத்தோடு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.
எழவில்லை.

"நாலு வருசத்துக்கு முந்தி, கண்ணபுரம் தேருங்.
மூலனூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தன்,
செவலக் கன்னு ஒண்ணு புடிச்சு நின்னான்.
ஒண்ணர வருசந்தானுங்கறான்.
வாயத் தொறந்தா ரெண்டு பல்லு போட்டிருக்குது.
அத்தன பேரு முன்னால கள்ளப்பயன்னுட்டேன்.
அவன் எதுத்துப் பேசலீங்.
கவுத்தச் சுத்திக்கிட்டு வந்த வழியே போயிட்டான்.
பேரு கூடக் கேக்கல."

ஏசி சத்தம் கேட்டது.
"அந்தக் கன்னு வயித்துக்குள்ள
என்ன நடந்துச்சோ" என்றார், என்னிடம் இல்லை.

டாக்டரம்மா வர மணி ரெண்டாகும்.
பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள் வர்ணிகா,
அரிசிம்பருப்புச் சோறு, ஓரத்தில் நெய் உறைந்து.
விரலைக் குத்தினாள். எண்ணைப் பார்த்தாள்.
பேனாவைத் திருகிக்கொண்டே,
"அப்பா, முழு டப்பாவும் திங்கறேன்."
"பாதி."
"முக்கால்."
அவர் துண்டை விரித்து அவள் கைமேல் போட்டார்.
உள்ளே விரல்கள் நெளிந்தன.
ஒன்றை மடக்கினாள், ஒன்றை இழுத்தாள்.
அவர் முகத்தில் சந்தைக்காரனின் ஒன்றுமில்லாமை.
படிந்தது போலிருக்கிறது, சிரித்தாள்,
அவசரப்பட்டு வந்த கோரைப்பல் ஒன்று
உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

என்ன விலைக்கு என்று எனக்குத் தெரியவில்லை.
வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒருவர்
கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்.
தாடையை இங்கே வையுங்க.
கடியுங்க.
அசையாதீங்க.